பெரிய அட்வென்ச்சர் பைக்: டயர் காட்டும் கோளாறுகளும், அடுத்த டயரைத் தேர்ந்தெடுப்பதும்

சனிக்கிழமை காலையானால் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டு கராஜ் வாசலில் இரண்டு மூன்று பெரிய பைக்காவது நிற்கும். வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “அண்ணே, டயர் சரியில்லை, எந்த டயர் போடலாம்?” நான் உடனே பேர் சொல்வதில்லை. முதலில் பழைய டயரைத் தொட்டுப் பார்க்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு டயரை மாற்ற வேண்டிய அவசியமே இருக்காது. மீதிப் பேருக்கு அடுத்து எது வேண்டும் என்பதை அந்தப் பழைய டயரே சொல்லிவிடும்.

கீழே எழுதியிருப்பது தார் ரோட்டு டயர் போட்ட பெரிய அட்வென்ச்சர் பைக்குகளுக்கு: பிஎம்டபிள்யூ ஜிஎஸ், சுசுகி வி-ஸ்ட்ராம், ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வின் மாதிரியானவை. உங்கள் வண்டியில் எந்தக் கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஆனால் காற்றைப் பற்றிய முதல் பகுதியை மட்டும் தாண்டாதீர்கள்.

எதையும் கழற்றும் முன்: காற்று

வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு, டயர் குளிர்ந்திருக்கும்போது, உங்கள் சொந்த கேஜால் அளந்து பாருங்கள். பெட்ரோல் நிலையத்து கேஜ் நாளெல்லாம் தரையில் விழுந்து அடிபடுகிறது. அதை நம்பி நான் ஏமாந்த தடவைகள் அதிகம். பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் என்றால் முன்னால் 2.5 பார், பின்னால் 2.9 பார். கேஜில் கேபிஏ கணக்கு இருந்தால் 250, 290 என்று படியுங்கள். மற்ற வண்டிகளுக்கு ஸ்விங்ஆர்மிலோ (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) கையேட்டிலோ அந்த எண் இருக்கும். டயரின் பக்கச் சுவரில் போட்டிருக்கும் அழுத்தம் அந்த டயர் தாங்கும் உச்சம். அதைப் பார்த்து காற்று அடிக்கக் கூடாது.

“திரையில் 2.5 காட்டுகிறது, கேஜ் 2.8 காட்டுகிறது, சென்சார் போச்சா?” என்று மாதம் ஒருவராவது கேட்கிறார்கள். போகவில்லை. பிஎம்டபிள்யூவின் திரை, டயர் 20 டிகிரி சூட்டில் இருந்தால் எவ்வளவு இருக்குமோ அந்த அளவாக மாற்றித்தான் காட்டும். ஓடி வந்த சூட்டில் உள்ளே 50 டிகிரி இருந்தால் கேஜில் 2.8 தாண்டுவது சரியான கணக்குதான். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை டயர் குறைந்த காற்றோடு நிற்கும்.

நம் ஊரில் இன்னொரு சங்கதியும் உண்டு. டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது, ஜோஹன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் அதே டயர் அங்கே ஏறக்குறைய 0.2 பார் கூடுதலாகக் காட்டும். அங்கே சரியாக 2.5 வைத்துக்கொண்டு என்3 நெடுஞ்சாலையில் இறங்கி வீட்டுக்கு வந்தால் இங்கே 2.3 தான் இருக்கும். ஊர் திரும்பியதும் மறுநாள் காலை ஒரு தடவை அளந்துவிடுங்கள்.

காற்று சரி. கோளாறு இன்னும் இருக்கிறது. இனி உங்கள் தலைப்புக்குப் போங்கள்.

80-இல் இருந்து வேகம் குறையும்போது ஹேண்டில்பார் ஆடுகிறது

இதுதான் அதிகம் வரும் கேஸ். ஆக்சிலரேட்டரை விட்டதும், 80-க்கும் 60-க்கும் நடுவில் ஹேண்டில் இடமும் வலமுமாகச் சின்னதாக உதறும். இறுக்கிப் பிடித்தால் நின்றுவிடும். கையை விட்டுச் சோதிக்க வேண்டாம். பிடியைத் தளர்த்தினாலே உதறல் கைக்குத் தெரியும்.

போன வருடம் நம் டர்பன் பீனிக்ஸில் இருந்து ஒரு தம்பி இதே புகாரோடு வந்தான். இரண்டு டயரையும் மாற்றப் பணத்தோடு வந்திருந்தான். முன் டயரில் 1.9 பார். சானி கணவாய்க்குப் போனபோது சரளைக் கல்லுக்காகக் காற்றை இறக்கியிருக்கிறான். தார் ரோட்டுக்குத் திரும்பியதும் மறுபடி அடிக்கவில்லை. எட்டு மாதம் அப்படியே ஓடியிருக்கிறது. 2.5 அடித்து ஓட்டிப் பார்த்தோம். உதறல் குறைந்தது, ஆனால் முழுதாகப் போகவில்லை.

அப்போதுதான் உள்ளங்கைச் சோதனை. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன் டயரின் ஓரக் கட்டைகள்மேல் (பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் ரப்பர் துண்டுகள்) உள்ளங்கையை வைத்துச் சுற்றுப்போக்கில் முன்னால் தேயுங்கள், பிறகு அதே இடத்தில் பின்னால் தேயுங்கள். ஒரு திசையில் வழுவழுவென்று போகும் கை, எதிர்த் திசையில் ஒவ்வொரு கட்டையின் விளிம்பிலும் தட்டினால், டயர் செதில் செதிலாகத் தேய்ந்துவிட்டது என்று பொருள். மீன் செதிலைத் தடவுவது போலவே இருக்கும். காற்று குறைவாக ஓட்டியதும், முன் பிரேக்கிலேயே எப்போதும் வண்டியை நிறுத்துவதும் இதற்கு முக்கியக் காரணங்கள். செதில் விழுந்த டயரைச் சரிசெய்ய முடியாது. அந்தத் தம்பி முன் டயரை மட்டும் மாற்றினான், பின் டயர் நன்றாக இருந்ததால் அதை விட்டுவிட்டோம்.

கை இரண்டு திசையிலும் வழுவழுப்பாகப் போகிறதா? அப்படியென்றால் டயரை விட்டுவிட்டுக் கீழுள்ள வரிசையில் போங்கள்.

பின்னால் இருக்கும் டாப் பாக்ஸைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். உதறல் போய்விட்டால் குற்றவாளி சுமைதான். கனமான சாமானைக் கீழே பக்கப் பெட்டிக்குள் மாற்றுங்கள்.

அடுத்து பேலன்ஸ். ரிம்மில் ஈயத்துண்டு ஒட்டியிருந்த பசைத் தடம் மட்டும் இருந்து, துண்டைக் காணோம் என்றால் விஷயம் தெரிந்துவிட்டது. டயர் மாட்டும் ஃபிட்மென்ட் சென்டரில் பேலன்ஸ் செய்ய அதிகம் ஆகாது.

அடுத்து டயர் ரிம்மில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டயரின் பக்கச் சுவரில், ரிம்முக்குப் பக்கத்தில், மெல்லிய கோடு ஒன்று சுற்றிலும் ஓடும். ரிம் விளிம்புக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள இடைவெளி எங்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓரிடத்தில் கோடு ரிம்முக்குள் அமிழ்ந்திருந்தால் டயர் அங்கே உட்காரவில்லை. போட்ட கடைக்கே திரும்பக் கொண்டுபோங்கள், காற்றை இறக்கி, சோப்பு தடவி, மறுபடி ஏற்றித் தருவார்கள்.

அதற்கடுத்தது ரிம் கோணல். நம் சாலைக் குழிகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஃபோர்க் காலில் ஒரு பிளாஸ்டிக் டையைக் கட்டி, அதன் நுனி ரிம்மைத் தொடாமல் தொடுகிற அளவுக்கு வெட்டிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றுங்கள். நுனிக்கும் ரிம்முக்கும் நடுவில் இடைவெளி கூடிக் குறைந்தால் கோணல் இருக்கிறது. கம்பிச் சக்கரத்தை இறுக்கிச் சீராக்கலாம், ஆனால் அது பழகிய கை செய்ய வேண்டிய வேலை.

கடைசியாக கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங். முன் சக்கரத்தைத் தரையில் இருந்து தூக்கி, ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். டக்கென்று ஓர் ஆட்டம் கைக்குத் தெரிந்தால் கோன் செட் தளர்ந்திருக்கிறது. ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்தது போல் நின்றால் தேய்ந்தேவிட்டது. டெலிலெவர் என்ற முன் சஸ்பென்ஷன் உள்ள ஜிஎஸ்-இல் முன்பக்க அமைப்பே வேறு, அங்கே பால் ஜாயின்ட்டைப் பார்க்க வேண்டும். எந்த வண்டியானாலும் இந்தக் கட்டத்தில் நான் கையை எடுத்துவிடுவேன். நீங்களும் வொர்க்ஷாப்புக்குக் கொடுத்துவிடுங்கள்.

நேர்சாலையில் 110, 120-இல் வண்டி முழுவதும் நெளிகிறது

மேலே சொன்ன உதறல் வேறு, இது வேறு. இங்கே ஹேண்டில் ஆடுவதில்லை, வண்டியின் இடுப்பே பாம்பு போல் மெதுவாக நெளியும். வான் ரீனன் கணவாயில் காற்று அடிக்கும்போது இதை அனுபவித்தவர்கள் பலர். நெளியும்போது பிரேக்கைப் பிடிக்காதீர்கள், ஆக்சிலரேட்டரை மெல்லக் குறைத்தால் தானே அடங்கும்.

முதலில் பின் டயர் காற்று. அப்புறம் சுமை. பக்கப் பெட்டிக்குள் எடை வரம்பும் வேக வரம்பும் எழுதிய ஸ்டிக்கர் இருக்கும், பலர் அதைப் படித்ததே இல்லை. ஒரு பெட்டியில் 12 கிலோ, மறுபெட்டியில் 4 கிலோ என்றில்லாமல் சமமாகப் பிரியுங்கள். இருவர் உட்கார்ந்து சாமானும் ஏற்றினால் பின் ஸ்பிரிங்கின் பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவு) கூட்டுங்கள். கூட்டாவிட்டால் பின்பக்கம் அமிழ்ந்து முன் சக்கரம் லேசாகிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் நெளிந்தால் டயரின் பூவை, அதாவது தரையைத் தொடும் பகுதியில் வெட்டிய வடிவத்தைப் பாருங்கள். பெரிய கட்டைக் கட்டையாகப் பூப்போட்ட டயர் தார் ரோட்டில் வேகமாகப் போகும்போது ஒவ்வொரு கட்டையும் வளைந்து கொடுக்கும். அது டயரின் இயல்பு, கோளாறு அல்ல. என்3-யில் தினமும் போகும் வண்டிக்கு அந்த டயர் பொருந்தாது, அவ்வளவுதான். அடுத்த முறை ரோட்டு டயருக்கு மாறுங்கள்.

டயர் மாற்றியும் நெளிகிறதா? ஸ்விங்ஆர்ம் பேரிங், பின் வீல் பேரிங், ஷாக். இவை வொர்க்ஷாப் வேலை.

வளைவில் சாய மறுக்கிறது, சாய்ந்தால் சடாரென்று விழுகிறது

வண்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பின் டயரை நேராகப் பாருங்கள். புது டயர் முட்டையின் முனை போல் வளைந்திருக்கும். இந்தக் கோளாறு உள்ள டயரின் நடுப்பகுதி பலகை போல் தட்டையாகி, இரண்டு பக்கமும் ஒரு வரப்பு தெரியும். வண்டி சாயும்போது அந்த வரப்பில் ஏறி, பிறகு மறுபக்கம் விழுகிறது. நீங்கள் உணர்வது அதைத்தான்.

காரணம் டர்பனுக்கும் ஜோஹன்னஸ்பர்க்குக்கும் நடுவில் உள்ள கிட்டத்தட்ட 570 கிலோமீட்டர் நேர்சாலை. ஒரே மூச்சாக நிமிர்ந்து ஓடினால் நடு மட்டும் தேயாமல் என்ன செய்யும்? காற்று அதிகமாக அடித்து ஓட்டினாலும் இப்படித்தான் தேயும், ஆகவே அதையும் பார்த்துவிடுங்கள்.

ஆழத்தை நடுவில் அளவுகோலால் அளங்கள். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி 1 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. என்னைக் கேட்டால் 2 மில்லிமீட்டரிலேயே புது டயருக்கு ஏற்பாடு செய்யச் சொல்வேன். அதற்குக் கீழே மழைத்தண்ணீர் ஒதுங்க வழி போதாது, ஆணியும் எளிதாக ஏறும்.

ஒரு வேளை பின் டயர் தட்டையாக இல்லை, ஆனாலும் வண்டி சாய மறுக்கிறதா? முன்னும் பின்னும் வேறு வேறு மாடல் டயர் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். முன்னது மலைக்கு ஏற்ற கட்டை டயரும் பின்னது ரோட்டு டயருமாக இருந்தால் இரண்டும் ஒரே வேகத்தில் சாயாது. ஜோடியாகவே வாங்குங்கள்.

இங்கேதான் தேர்வு வருகிறது. உங்கள் வண்டியின் கடைசி 5,000 கிலோமீட்டரை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எத்தனை வேலைக்குப் போனது, எத்தனை நாட்டிங்ஹாம் ரோடு என்ற ஊர்ப் பக்கம் காலைச் சாப்பாட்டுக்குப் போனது, எத்தனை உண்மையில் மண் ரோடு? நான் பார்த்த வண்டிகளில் பெரும்பாலானவை மண்ணைத் தொட்டது நூற்றுக்குப் பத்துகூட இருக்காது. வருடத்தில் ஒரு தடவை போகும் சானி கணவாய்க்காக மீதி 51 வாரமும் தார் ரோட்டில் வழுக்கும் டயரோடு ஓட்டுவது எனக்குச் சம்மதமில்லை. வீட்டில் நமக்காகக் காத்திருப்பவர்களை நினைத்துத்தான் டயர் வாங்க வேண்டும்.

தார் ரோடு அதிகம் என்றால் மெட்ஸ்லர் டூரன்ஸ் நெக்ஸ்ட் 2, பிரிட்ஜ்ஸ்டோன் பேட்லாக்ஸ் ஏ41, பிரெல்லி ஸ்கார்ப்பியன் டிரெயில் 2, கான்டினென்டல் டிரெயில் அட்டாக் 3 என்ற வரிசையில் உங்கள் அளவுக்குக் கிடைப்பது எதுவும் நல்ல தேர்வு. கொஞ்சம் மண்ணும் வேண்டும் என்றால் மிச்செலின் அனக்கி அட்வென்ச்சர். அதை 80 பங்கு ரோடு, 20 பங்கு மண் என்றே தயாரிப்பாளர் சொல்கிறார். பின் டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்த ஆளுக்கு, நடுவில் கெட்டி ரப்பரும் ஓரத்தில் மென்மையான ரப்பரும் உள்ள இரட்டைக் கலவை டயரைக் கேட்டு வாங்குங்கள் என்பேன். ஃப்ரீ ஸ்டேட் பக்கத்துச் சரளைத் தாரில் அதிகம் ஓடினால் எந்த டயரும் சீக்கிரம் தேயும், அதற்கு டயரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஒரு பக்கம் மட்டும் தேய்கிறது

வலப்பக்கம் கொஞ்சம் அதிகமாகத் தேய்ந்திருந்தால் கவலைப்பட வேண்டாம். நாம் இடப்புறம் ஓட்டுகிறோம், தண்ணீர் வடிய ரோடு இடப்பக்கம் சரிந்திருக்கும், நிமிர்ந்து போகும் டயரின் வலத்தோள்தான் தரையை அதிகம் தொடும். இடப்பக்கம் அதிகமாகத் தேய்ந்தாலோ, ஒரே இடத்தில் திட்டாகத் தேய்ந்தாலோ சக்கரம் நேராக மாட்டப்பட்டிருக்கிறதா என்று வொர்க்ஷாப்பில் பார்க்கச் சொல்லுங்கள்.

முன் சக்கரத்தில் ஊளைச் சத்தம்

வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் சத்தம் என்றால் மேலே சொன்ன உள்ளங்கைச் சோதனை. செதில் இல்லை என்றால் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, ஃபோர்க்கில் காதை வையுங்கள். கரகரவென்று கேட்டால் வீல் பேரிங், உடனே மாற்றுங்கள்.

மழையில் வழுக்குகிறது, ரோபாட்டில் (டிராஃபிக் சிக்னலில்) நிற்கும்போது பின்சக்கரம் நழுவுகிறது

முதலில் ரோட்டைச் சந்தேகியுங்கள். பல நாள் வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையில் எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும். தொங்காட் பக்கம் கரும்பு வெட்டும் காலத்தில் லாரிகள் கொட்டும் மண்ணும் சக்கையும் மழை பட்டால் சோப்பு மாதிரி. அங்கே எந்த டயரும் பிடிக்காது.

சாதாரண ஈர ரோட்டிலும் வழுக்கினால் டயரின் வயதைப் பாருங்கள். பக்கச் சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நான்கு எண்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பூ நிறைய இருக்கிறதே என்று மாமா ஒருவர் ஒன்பது வருடப் பழைய டயரோடு வந்தார். நகத்தால் அழுத்தினால் தடமே விழவில்லை, கட்டைகளின் அடியில் முடி போல் விரிசல். கராஜில் அழகாக மூடி வைத்த வண்டி, வருடத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாது. “பூ பாதிகூடத் தேயலையே தம்பி” என்று அவருக்கு மனசே வரவில்லை. எனக்கும் சங்கடம்தான், ஆனாலும் அன்று அவரை அந்த டயரோடு ஈசிபிங்கோ வரை ஓட்டிப்போக விடவில்லை, பக்கியில் (பிக்கப் வண்டியில்) ஏற்றி அனுப்பினேன். ஐந்து வருடத்துக்கு மேல் ஆன டயரை நான் ஒவ்வொரு சர்வீஸிலும் விரிசலுக்காகப் பார்ப்பேன். விரிசல் தெரிந்தால் பூவைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

வாங்கும்போதும் இதே எண்ணைப் பாருங்கள். மலிவாகக் கொடுக்கிறார்கள் என்றால் எத்தனை வருடம் அலமாரியில் கிடந்தது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

வாரத்துக்கு வாரம் காற்று இறங்குகிறது

பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து, முதலில் வால்வு வாயில் ஒரு சொட்டு. குமிழி வந்தால் உள்ளே இருக்கும் வால்வு பின்னை இறுக்குங்கள், அல்லது மாற்றுங்கள், சில ராண்டில் முடியும். அப்புறம் வால்வின் தண்டை விரலால் வளைத்து அடியில் பாருங்கள். ரப்பர் தண்டில் விரிசல் இருந்தால் அடுத்த நெடும்பயணத்துக்கு முன் மாற்றியே ஆக வேண்டும். வேகத்தில் அது பிய்ந்தால் காற்று மொத்தமும் ஒரே நொடியில் போய்விடும்.

வால்வு சரி என்றால் பூ முழுவதும் சோப்புத் தண்ணீர் தெளித்து ஆணி தேடுங்கள். பிறகு ரிம் விளிம்பு. குழியில் அடித்த ரிம்மின் உதடு வளைந்திருந்தால் அங்கே குமிழி வரிசையாக வரும். சின்ன வளைவை நிமிர்த்தித் தருவார்கள், ஆனால் ஒரு விரிசல் தெரிந்தாலும் அந்த ரிம்மை மறுபடி மாட்டாதீர்கள்.

ஆணி ஏறியது பூவின் நடுப்பகுதி என்றால் பிளக் போட்டு ஓட்டலாம், அதுவும் 80-ஐத் தாண்டாமல், பக்கத்து ஃபிட்மென்ட் சென்டர் வரைக்கும். அங்கே டயரைக் கழற்றி உள்ளிருந்து ஒட்டச் சொல்லுங்கள். பக்கச் சுவரில் ஓட்டை என்றால் டயரின் ஆயுள் முடிந்தது. ஆப்பிரிக்கா ட்வினின் பழைய மாடல்களில் உள்ளே டியூப் உண்டு. அதற்குப் பிளக் உதவாது, டியூபும் நெம்புகோலும் கையில் இருக்க வேண்டும்.

கடையில் நிற்கும்போது

கையேட்டில் உள்ள அளவை எழுதி எடுத்துப் போங்கள். ஆர் 1250 ஜிஎஸ்: முன் 120/70 ஆர்19 60 வி, பின் 170/60 ஆர்17 72 வி. வி-ஸ்ட்ராம் 1050: முன் 110/80 ஆர்19 59 வி, பின் 150/70 ஆர்17 69 வி. ஆர்19-இல் உள்ள 19 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அதற்குப் பின்னால் வரும் எண் சுமை: 60 என்றால் 250 கிலோ, 69 என்றால் 325, 72 என்றால் 355. கடைசி எழுத்து வேகம்: வி என்றால் 240, ஹெச் 210, க்யூ 160.

அளவு ஒன்றாக இருந்தாலும் சுமை எண் குறைந்த டயரை “இதுவும் பொருந்தும்” என்று நீட்டுவார்கள். ஒரு கடையில் எனக்கே நடந்தது. ஜிஎஸ் வெறும் வண்டியே 249 கிலோ, ஆட்களும் சாமானும் சேர்ந்தால் 465 வரை போகலாம், அதில் பெரும்பங்கு பின் டயரின்மேல்தான் விழும். சுமை எண்ணில் விட்டுக்கொடுக்காதீர்கள். டயர் மாட்டும்போது புது வால்வும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள், சுழலும் திசைக்கான அம்புக்குறி சரியாக இருக்கிறதா என்று கடையை விட்டுக் கிளம்பும் முன் நீங்களே குனிந்து பாருங்கள்.

புது டயர் போட்ட பிறகு வழுக்குகிறது, வண்டி சட்டென்று சாய்கிறது

இரண்டும் இயல்பு. புது டயரின் மேல்தோல் வழுவழுப்பாக இருக்கும், முதல் 200 கிலோமீட்டர் மெதுவாக, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வைக் கூட்டி ஓட்டுங்கள். முடிந்தால் அந்த 200-ஐ மழையில்லாத நாளில் வையுங்கள். தட்டையான பழைய டயருக்குப் பழகிய கைக்கு உருண்டையான புது டயர் சட்டென்று விழுவது போல் தோன்றும். இரண்டு நாளில் கை பழகிவிடும்.

200 தாண்டியும் ஹேண்டில் உதறினால் மேலே சொன்ன ரிம் கோட்டையும் பேலன்ஸையும் பாருங்கள். ஒரு வாரம் கழித்துக் குளிர்ந்த டயரில் காற்றை மறுபடி அளங்கள். சக்கரத்தின் போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ஸ்பேனரால் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனர்) ஒரு தடவை சரிபாருங்கள். அந்த ஸ்பேனர் இல்லை என்றால் சனிக்கிழமை வாருங்கள், என்னிடம் இருக்கிறது.